பாடல் தொகுப்பின் வரிசை குலைந்தால்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கணினியில் சேர்த்து வைத்த பாடல்களை இசையமைப்பாளர், ஆண்டு, ஆல்பம், வட்டு எண், பாடல் எண் ஆகிய ஐந்து புலங்களின்படி அடுக்க முயன்ற எவருக்கும், அந்த அடுக்கு எங்கோ ஓரிடத்தில் முறிந்து நிற்கும் அனுபவம் வாய்த்திருக்கும். திரையிசையும் கருநாடக இசையும் கலந்த ஒரு தொகுப்பைப் பல ஆண்டுகளாகச் சீர்செய்து வருகிறேன். அதில் நான் சந்தித்த கோளாறுகளை, அவை திரையில் எப்படித் தெரிகின்றன என்பதைத் தலைப்பாக வைத்து இங்கே எழுதுகிறேன். திருத்தும் கருவியாக விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் செயலியையே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். வேறு செயலி வைத்திருப்பவர்களுக்கும் வழி இதுதான்.

தொடங்குமுன் முழுத் தொகுப்பையும் வேறொரு வட்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பாடலின் விவரங்கள் அடங்கிய டேக் அந்தப் பாடல் கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், ஆயிரம் கோப்புகளைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தவறான ஒரு சொல்லைச் சேமித்தால் ஆயிரம் கோப்புகளும் மாறிவிடும்.

எந்த அறிகுறிக்கும் முதல் சோதனை ஒன்றே. பல புலங்களின்படி அடுக்கும்போது கணினி ஒரு நேரத்தில் இரண்டு பாடல்களை எடுத்து, முதல் புலத்தை ஒப்பிட்டு, அது அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுத்த புலத்துக்குச் செல்கிறது. வேறுபாடு தென்பட்ட முதல் புலத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஆகவே வரிசை முறியும் இடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வரிகளை எடுத்து, புலங்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு, முதன்முதலில் வேறுபடும் புலம் எது என்று பாருங்கள். பாடல் எண் தவறான வரிசையில் இருப்பதாகத் தோன்றும்போது பெரும்பாலும் பாடல் எண்ணில் குற்றம் இருப்பதில்லை. அதற்கு இரண்டு புலம் முன்னால், ஆல்பத்தின் பெயரில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்திருக்கும்.

அறிகுறி: ஒரு புலத்தின்படி அடுக்கினால், முன்பு அடுக்கியது கலைந்துவிடுகிறது

நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் அந்த ஒரு புலத்தின்படி மட்டுமே பட்டியல் அடுக்கப்படும். அப்புலத்தில் சமமாக இருக்கும் பாடல்கள் தங்களுக்குள் பழைய வரிசையைக் காப்பாற்றிக்கொள்ளுமா என்பது, செயலி பயன்படுத்தும் வரிசைப்படுத்தல் முறை நிலையானதா இல்லையா என்பதைப் பொறுத்தது. நிலையானதாக இருந்தால், முக்கியத்துவம் குறைந்த புலத்திலிருந்து தொடங்கித் தலைகீழாகச் சொடுக்க வேண்டும்: முதலில் பாடல் எண், பிறகு வட்டு எண், ஆல்பம், ஆண்டு, கடைசியாக இசையமைப்பாளர். துளை அட்டைகளைப் பிரித்தடுக்கும் இயந்திரங்கள் இருந்த காலத்தில் அலுவலகங்கள் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கத்துக்கு வந்தே அட்டைகளை அடுக்கின. அதே உத்திதான் இதுவும்.

நிலையானதா என்று அறிய, பாடல் எண்ணின்படி ஒருமுறையும் ஆல்பத்தின்படி ஒருமுறையும் அடுக்கி, ஒவ்வோர் ஆல்பத்துக்குள்ளும் எண்கள் ஏறுமுகமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையைப் பத்துப் பாடல்களை வைத்துச் செய்து ஏமாற வேண்டாம்; சிறிய பட்டியலுக்கு நிலையான முறையையும் பெரிய பட்டியலுக்கு வேறு முறையையும் கையாளும் நிரல்கள் உண்டு என்பதால், சில நூறு பாடல்களாவது வேண்டும்.

செயலி இதற்கு ஒத்துவராவிட்டால், புலங்களின் வரிசையை ஒரே வாய்பாடாக எழுதித் தரும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபூபார்2000 பிளேயரில் எந்தப் புலத்துக்குப் பின் எந்தப் புலம் என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம். ஆப்பிளின் மியூசிக் செயலியிலும் பழைய ஐடியூன்ஸிலும் ஆல்பம் நெடுவரிசையின் தலைப்பையே திரும்பத் திரும்பச் சொடுக்கினால், ஆல்பம், கலைஞர்வாரி ஆல்பம், கலைஞர் மற்றும் ஆண்டுவாரி ஆல்பம் என்று அது மாறிக்கொண்டே வரும். பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியவர்களில் கூட இதைக் கவனித்தவர்கள் குறைவு.

அறிகுறி: 1, 10, 11, 2 என்று எண்கள் வருகின்றன

எண் எழுத்தாக ஒப்பிடப்படுகிறது. எம்பி3டேக்கில் நெடுவரிசைகளை மாற்றியமைக்கும் பெட்டியில் அந்த நெடுவரிசையை எண்ணாகக் கருதும்படி குறியிடலாம். ஆனால் அது அந்தச் செயலிக்குள் மட்டுமே பயன்படும். நிரந்தரத் தீர்வு, தானியங்கி எண்ணிடும் வசதியைக் கொண்டு 01, 02 என்று முன்னால் சுழியம் சேர்த்து எழுதுவதுதான். 3/12 என்று மொத்த எண்ணிக்கையோடு சேர்த்து எழுதப்பட்டவற்றையும் இதே வேளையில் ஒரே பாணிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இராகங்களை மேளகர்த்தா எண்ணின்படி, அதாவது தாய் இராகங்களுக்குரிய வரிசை எண்ணின்படி, அடுக்குபவர்களுக்கும் இது பொருந்தும். தோடிக்கு 8, மாயாமாளவகௌளைக்கு 15, கல்யாணிக்கு 65 என்று எழுதியிருந்தால் தோடி கல்யாணிக்குப் பின்னால் போய் நிற்கும். 08 என்று எழுதினால் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அறிகுறி: பாடல்கள் 1, 1, 2, 2, 3, 3 என்று இரட்டை இரட்டையாக வருகின்றன

இரண்டு வட்டுகள் கொண்ட ஆல்பத்தில் வட்டு எண் காலியாக இருந்தால் இப்படி ஆகும். முதல் வட்டுக்கு 1, இரண்டாம் வட்டுக்கு 2 என்று நிரப்பி, வரிசையில் பாடல் எண்ணுக்கு முன்னால் வட்டு எண் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

திரையிசையில் இதே அறிகுறிக்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழில் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வருவது வழக்கம். பில்லா என்ற பெயரில் 1980இல் எம்.எஸ். விசுவநாதன் இசையிலும் 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையிலும் படங்கள் வந்தன. இசையமைப்பாளரை முதற்புலமாக வைத்தால் இவை பிரிந்துவிடும். ஆல்பத்தை முதற்புலமாக வைத்து ஆண்டைச் சேர்க்காமல் விட்டால் இரண்டின் பாடல்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஆல்பத்தின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்து எழுதுவதே இதற்குப் பாதுகாப்பான வழி.

அறிகுறி: ஒரே ஆல்பம் ஐந்தாறு துண்டுகளாகச் சிதறுகிறது

திரைப்பாடல்களில் கலைஞர் என்ற புலத்தில் பாடகர் பெயர் இருப்பதால், ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு பாடகரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆல்பக் கலைஞர் என்ற தனிப்புலத்தை நிரப்பி, அடுக்குவதற்கு அதையே பயன்படுத்த வேண்டும். எம்பி3 கோப்புகளின் டேக்குக்கான ஐடி3 தரநிலையில் ஆல்பக் கலைஞருக்கென்று ஓர் இடம் வகுக்கப்படவே இல்லை. இசைக்குழு அல்லது பக்கவாத்தியத்தைக் குறிக்க ஒதுக்கிய இடத்தைத்தான் பிளேயர்கள் இதற்குப் பயன்படுத்திக்கொண்டன. சில பழைய கருவிகள் இப்புலத்தை மதிக்காததற்குக் காரணம் இதுவே.

திரைப்பட ஆல்பங்களுக்கு ஆல்பக் கலைஞராக இசையமைப்பாளரையும், ஒரே பாடகரின் பாடல்களைத் திரட்டிய தொகுப்புக்கு அந்தப் பாடகரையும், கதம்பத் தொகுப்புக்குப் 'பலர்' என்பதையும் எழுதுவது என் வழக்கம். கதம்பத் தொகுப்பு என்பதைக் குறிக்கும் தனி அடையாளம் ஒன்றும் உண்டு. அது ஓர் ஆல்பத்தின் சில பாடல்களில் மட்டும் இருந்து மற்றவற்றில் இல்லாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆல்பம் இரண்டாகும்.

இணையத்திலிருந்து இறக்கிய பழைய கோப்புகளில், இறக்கித் தந்த தளத்தின் முகவரி ஆல்பத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்தச் சிதறலுக்குக் காரணம். எல்லாக் கோப்பையும் தேர்ந்தெடுத்து அந்த முகவரியை வெற்றிடமாக மாற்றினால் போதும். முகவரிக்கு முன்னால் இருந்த இடைவெளியையும் சேர்த்து நீக்க மறக்க வேண்டாம், அது தங்கிவிட்டால் அடுத்த அறிகுறி தலைகாட்டும்.

அறிகுறி: ஒரே பெயர் இரண்டு இடங்களில் தனித்தனியாக நிற்கிறது

அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகளை முதலில் ஒழியுங்கள்: ஏ.ஆர். ரகுமான், ஏ. ஆர். ரஹ்மான், ஏ.ஆர்.ரஹ்மான் ஆகிய மூன்றும் கணினிக்கு மூன்று மனிதர்கள். இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு எவருடைய பழைய தொகுப்பும் சான்று சொல்லும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பெரிதில்லை, எல்லாக் கோப்பிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். எம்பி3டேக்கில் இசையமைப்பாளர் நெடுவரிசையின்படி அடுக்கினால் இந்த வடிவங்கள் அருகருகே வந்து நிற்கும். அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயரை எழுதிச் சேமியுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் பெயர்கள்தான் உண்மையான சோதனை. கோபாலகிருஷ்ண பாரதியின் பாடல்கள் என் தொகுப்பில் இரண்டு கூட்டங்களாக நின்றன. பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. இரண்டையும் ஒரு விரிதாளின் இரண்டு கட்டங்களில் ஒட்டி, நீளத்தைச் சொல்லும் 'லென்' சார்பைக் கொடுத்தபோது ஒன்றுக்கு 18 என்றும் மற்றொன்றுக்கு 19 என்றும் வந்தது. கூடுதலான அந்த ஒன்று, பெயரின் கடைசியில் இருக்கும் வெற்றிடமாக இருக்கலாம். ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் 'ட்ரிம்' சார்பைக் கொடுத்தும் 19 மாறாததால் அது இல்லை என்று தெரிந்தது. யூனிகோடில் 'கோ' என்பதை எழுத இரண்டு வழிகள் உண்டு: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே உருவாக இடலாம், அல்லது முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் இரண்டு உருக்களாக இடலாம். திரையில் இரண்டும் ஒரே 'கோ'தான். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்த கோப்புப் பெயர்களை வைத்து டேக்கை நிரப்பினால் இந்தப் பிளவு தொகுப்புக்குள் நுழைந்துவிடும்.

'லென்' சார்பும் காட்டிக்கொடுக்காத வேறுபாடு ஒன்று உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்து ஸகரத்தை வைத்தும் எழுதப்படுகிறது, அதே உருவம் தரும் ஶகரத்தை வைத்தும் எழுதப்படுகிறது. இரண்டிலும் நான்கு உருக்கள் என்பதால் நீளம் ஒன்றாகவே வரும். ஸ்ரீராகம், ஸ்ரீரஞ்சனி, ஸ்ரீனிவாஸ் என்று தொடங்கும் பெயர்கள் காரணமின்றிப் பிரிந்து நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு கட்டங்களும் அச்சு அசலாக ஒன்றா என்று சொல்லும் 'எக்ஸாக்ட்' சார்பு இதைப் பிடித்துவிடும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்தது.

எந்த எழுத்து வேறுபடுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதைவிட, சரியான வடிவத்தை ஒரு முறை தட்டி எல்லாக் கோப்பிலும் அதையே ஒட்டுவது எளிது. நான் ஒரு சாதாரண உரைக் கோப்பில் இசையமைப்பாளர்கள், இராகங்கள் ஆகியவற்றின் ஒப்புக்கொண்ட வடிவங்களை எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் எந்தக் கோப்புக்கும் பெயரை அங்கிருந்து நகலெடுக்கிறேனே தவிரத் தட்டுவதில்லை.

இரட்டையர்களின் பெயரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். விசுவநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இணைந்து இசையமைத்து, பிறகு தனித்தனியே பணியாற்றினார்கள். அவர்களை ஒரே புலத்தில் இரண்டு மதிப்புகளாக எழுதினால், பல மதிப்புகளை ஏற்கும் பிளேயர்களில் அந்தப் பாடல் இருவரின் பெயரிலும் தெரியும். ஏற்காத பிளேயர்கள் முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ராமமூர்த்தியை மறைத்துவிடும். இதில் ஐடி3இன் இரண்டு பதிப்புகளும் ஒத்துப்போவதில்லை. 1999இல் வந்த 2.3ஆம் பதிப்பு மதிப்புகளைச் சாய்கோட்டால் பிரிக்கிறது. 2000இல் வந்த 2.4ஆம் பதிப்பு சுழிய உருவால் பிரிக்கிறது. ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழு பல பிளேயர்களில் இரண்டு குழுக்களாகப் பிளந்து நின்றதற்கு அந்தச் சாய்கோடுதான் காரணம். அடுக்குவது முதன்மை நோக்கமானால் 'விசுவநாதன் - ராமமூர்த்தி' என்று ஒரே மதிப்பாக எழுதுவதே நல்லது. நடுவில் வரும் கோடு எல்லாக் கோப்பிலும் சிறுகோடாகவே இருக்கட்டும்; சொற்செயலிகள் தாமாகவே அதை நெடுங்கோடாக மாற்றும் பழக்கம் உள்ளவை, நெடுங்கோடு வேறு எழுத்து.

அறிகுறி: எம்.எஸ்., டி.என்., ஜி.என். என்று எல்லாரும் தலைப்பெழுத்தின் கீழ் போய் நிற்கிறார்கள்

ஒவ்வொரு பெயருக்கும் காட்டுவதற்கு ஒரு வடிவம், அடுக்குவதற்கு ஒரு வடிவம் என்று இரண்டு புலங்களை வைத்துக்கொள்ள டேக் இடம் தருகிறது. காட்டும் புலத்தில் 'எம்.எஸ். சுப்புலட்சுமி' என்றும், அடுக்கும் புலத்தில் 'சுப்புலட்சுமி, எம்.எஸ்.' என்றும் எழுதினால், திரையில் பெயர் மாறாமல் இடம் மட்டும் சகரத்துக்கு நகரும். மதுரையையும் தாய் சண்முகவடிவையும் குறிக்கும் எழுத்துகளைக் கொண்டு ஒருவரை அகரவரிசையில் வைப்பது தருக்கப்படி சரியில்லைதான். ஆனால் அவருடைய பாடலைத் தேடும் எவரும் 'எம்.எஸ்.' என்றே தேடுவார்கள் என்பதால், தலைப்பெழுத்தாலேயே அறியப்பட்டவர்களை நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். நீங்கள் எந்த விதியைக் கொண்டாலும், அடுக்கும் புலத்தை ஒருவருடைய சில பாடல்களுக்கு மட்டும் நிரப்பிச் சிலவற்றுக்கு விட்டுவிடாதீர்கள். அவர் இரண்டாகப் பிரிந்துவிடுவார்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் அகரவரிசையில் இல்லை

பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் ககர வரிசை இப்படி வருகிறதா என்று பாருங்கள்: கனகாங்கி, கமாஸ், கம்பீரநாட்டை, கரகரப்ரியா, கல்யாணி. நம் அகராதி முறைப்படி இது கம்பீரநாட்டை, கமாஸ், கரகரப்ரியா, கல்யாணி, கனகாங்கி என்று வர வேண்டும். உங்கள் பட்டியல் முதல் வடிவத்தில் இருந்தால், செயலி தமிழின் வரிசையை அறியாமல் யூனிகோடு எண்களின் வரிசையை மட்டும் பார்க்கிறது என்று பொருள்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது, மற்ற இந்திய மொழிகளின் எழுத்து வரிசையோடு இணையாக அமையும்படி வைத்தார்கள். அதனால் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ஜகரம் சகரத்துக்கு அடுத்தும் வந்துவிட்டன. கனகாங்கி முதலிடத்துக்குத் தாவியது இதனால்தான். புள்ளிக்கு உரிய எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால், மெய்யெழுத்து உயிர்மெய்களுக்கு முன்னால் வர வேண்டியிருக்க, மௌகாரத்துக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. கம்பீரநாட்டை கமாஸுக்குப் பின்னால் போனது இதனால். ஜோன்புரி போன்ற கிரந்த எழுத்துப் பெயர்கள் வகரத்தையெல்லாம் தாண்டிக் கடைசியில் வர வேண்டியவை, சங்கராபரணத்துக்கும் தோடிக்கும் நடுவில் புகுந்துவிடுவதும் இதே பிழை.

இது நம் தரவின் குற்றமில்லை, செயலியின் குற்றம். ஆகவே டேக்கைத் திருத்திக் குணப்படுத்த முடியாது. மொழிவாரி வரிசை விதிகளைக் கேட்டு நடக்கும் செயலியாக இருந்தால், இயங்குதளத்தின் வட்டார அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்துச் செயலியை மீண்டும் திறந்து பாருங்கள். கேட்காத செயலியாக இருந்தால் அடுக்கும் புலத்தில் எண் போடுவது ஒன்றே வழி. இராகம், இசையமைப்பாளர் போன்ற அளவான பட்டியல்களுக்கு 010, 020, 030 என்று நடுவில் இடம்விட்டு எண் கொடுத்துவிடலாம். பாடல் தலைப்புகளுக்கு இதைச் செய்ய நான் முயன்று, இருநூறு பாடல்களோடு கைவிட்டேன். தலைப்பை நாம் தட்டித் தேடுகிறோமே அன்றி வரிசையில் உருட்டித் தேடுவதில்லை.

பாதிப் பெயர்கள் தமிழிலும் பாதிப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் இருந்தால், ஆங்கில எழுத்தில் உள்ளவை முழுவதும் முன்னால் வந்து தமிழ் பின்னால் தொடங்கும். இதற்கு மருந்து ஒரே எழுத்துக்கு மாறுவதுதான்.

அறிகுறி: 1960களின் படம் 1990களில் போய் நிற்கிறது, கச்சேரிகள் முன்பின்னாக வருகின்றன

குறுந்தட்டிலிருந்து பாடலை எடுக்கும்போது, அந்தத் தட்டு வெளியான ஆண்டுதான் ஆண்டுப் புலத்தில் ஏறுகிறது. முதல் வெளியீட்டு ஆண்டுக்கென்று தனிப்புலம் இருக்கிறது. அதை நிரப்பி, அடுக்கும் வாய்பாட்டிலும் அதையே குறிப்பிடுங்கள். பிளேயர் அதைப் படிக்காவிட்டால், ஆண்டுப் புலத்திலேயே படம் வந்த ஆண்டை எழுதிவிட்டுத் தட்டின் ஆண்டைக் குறிப்புப் புலத்துக்கு அனுப்புவது நடைமுறைக்கு உகந்தது. ஆண்டு காலியாக இருக்கும் பாடல்கள் அந்த இசையமைப்பாளரின் பட்டியலில் தலைப்பக்கம் குவிந்து நிற்கும். அங்கே சென்று பார்த்தாலே எவை விடுபட்டன என்று தெரிந்துவிடும்.

தேதியை 24-12-1985 என்று எழுதியிருந்தால் கணினி நாளைத்தான் முதலில் ஒப்பிடும். 1985-12-24 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுத வேண்டும். மார்கழிக் கச்சேரிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இதிலும் ஒரு குறை மிஞ்சும்: சென்னையின் இசைவிழா டிசம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் நீள்வதால், ஆண்டுவாரியாகப் பிரித்தால் ஒரே விழா இரண்டாக உடைந்து, ஜனவரிக் கச்சேரி அதே ஆண்டின் டிசம்பர்க் கச்சேரியோடு போய்ச் சேர்ந்துவிடும். குழுப்பெயர் என்ற புலத்தில் 1985-86 என்று விழாவைக் குறித்து, அதை ஆண்டுக்கு முன்னால் வைத்து அடுக்கினால் விழா முழுமையாக நிற்கும்.

அறிகுறி: திருத்திச் சேமித்தும் பிளேயரில் பழைய விவரமே தெரிகிறது

முதலில் பிளேயரின் நூலகத்தைப் புதிதாகப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை கோப்பை ஒவ்வொரு முறையும் திறக்காமல், முன்பு படித்ததைத் தங்கள் தரவுத்தளத்திலிருந்து காட்டுகின்றன. அப்படியும் மாறாவிட்டால், ஒரே எம்பி3 கோப்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட டேக் இருக்கக்கூடும். கோப்பின் தொடக்கத்தில் ஐடி3 இரண்டாம் பதிப்பும், கடைசி 128 பைட்டில் முதல் பதிப்பும், ஒலியளவைச் சமன்செய்யும் எம்பி3கெயின் போன்ற செயலி எழுதிய ஏப் டேக்கும் ஒன்றாக இருந்து, நீங்கள் ஒன்றைத் திருத்த, பிளேயர் மற்றொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். எம்பி3டேக்கின் டேக் நெடுவரிசை எவையெவை உள்ளன என்பதைக் காட்டும். தேவையற்றவற்றை நீக்கிவிட்டு ஐடி3 இரண்டாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தில் உள்ள ஆல்பப் பெயர்கள் சரியாக 30 எழுத்தோடு அறுந்து தெரிந்தால், பிளேயர் முதல் பதிப்பைத்தான் படிக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அதில் தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டுக்கு மேல் இடமில்லை. முதல் 30 எழுத்தும் ஒத்த இரண்டு ஆல்பங்கள் இதனால் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: பெயர்கள் புரியாத குறிகளாக வந்து, பட்டியலின் ஓர் ஓரத்தில் குவிகின்றன

குறிகளின் தோற்றத்தைப் பாருங்கள். சாய்ந்த கீற்றைத் தலையில் தாங்கிய சிறிய ஆங்கில 'ஏ' எழுத்து ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் திரும்பத் திரும்ப வந்து, அதையடுத்துப் பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்' குறி தெரிந்தால், அது யூனிகோடின் ஒரு குறியாக்கமான யூடிஎஃப்-8இல் எழுதப்பட்ட தமிழை மேற்கத்திய எழுத்தாகப் படித்ததன் விளைவு. தரவு பத்திரமாக இருக்கிறது, குறியாக்கத்தை மாற்றிப் படிக்கச் செய்தால் மீண்டுவிடும். அந்தத் திரும்பல் இல்லாமல் கலவையான குறிகள் வந்தால், யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாம், டாப் போன்ற குறியாக்கங்களில் எழுதிய பழைய டேக்காக இருக்கலாம். தமிழ்க் குறியாக்க மாற்றிகளில் ஒட்டிப் பாருங்கள். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் மூலம் அழிந்துவிட்டது என்று பொருள், பாடலைக் கேட்டுத்தான் பெயரை எழுத வேண்டும். புதிதாகச் சேமிக்கும்போது 2.3ஆம் பதிப்பானால் யூடிஎஃப்-16ஐத் தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8 ஐடி3க்குள் 2.4இல்தான் வந்தது.

அறிகுறி: கணினியில் சரியாக இருக்கும் வரிசை காரில் கலைந்துவிடுகிறது

பல கார் பிளேயர்கள் டேக்கைப் பார்ப்பதே இல்லை; கோப்புப் பெயரையும் முழுதாக ஒப்பிடாமல், பென்டிரைவில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையிலேயே பாடுகின்றன. நூறு பாடல்களை மொத்தமாக இழுத்துப் போட்டால் அவை நாம் நினைத்த வரிசையில் எழுதப்படும் என்ற உறுதி இல்லை. பின்னால் சேர்த்த பாடல், முன்னால் அழித்த பாடலின் இடத்தில் போய் அமர்வதும் உண்டு. டேக்கிலிருந்து கோப்புப் பெயரை உருவாக்கும் வசதியைக் கொண்டு ஆண்டு, ஆல்பம், வட்டு எண், பாடல் எண், தலைப்பு என்ற வரிசையில் பெயரிட்டு, பென்டிரைவை ஃபேட்32ஆக வடிவமைத்து, கோப்புகளை நகலெடுத்தபின், அடைவின் உள்வரிசையைப் பெயரின்படி மாற்றியெழுதும் ஃபேட்சார்ட், டிரைவ்சார்ட் போன்ற சிறுகருவி ஒன்றை ஓட்டுங்கள். புதிய பாடல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் ஓட்ட வேண்டும்.

தமிழில் பெயரிடுபவர்கள் பெயரை நீளவிடக் கூடாது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வோர் எழுத்துருவும் குறியும் மூன்று பைட் எடுப்பதால் 85 உருக்களுக்குள் பெயர் முடிந்தாக வேண்டும். மேலே சொன்ன கோபாலகிருஷ்ண பாரதியின் பெயருக்கே 18 உருக்கள் போய்விடுகின்றன.